சட்டைப்பைக்கு எந்தப் பிச்சாத்தி?

"தினமும் கையோட வச்சுக்க ஒரு மடக்குக்கத்தி வேணும். தோட்டத்துல கயிறு அறுக்கணும், கடையில பார்சல் பிரிக்கணும். ராத்திரி தனியா வரும்போது ஒரு தைரியத்துக்கும் ஆகணும். எதை வாங்கலாம்?"

குமரி மாவட்டத்தில் பிச்சாத்தி, அதாவது கத்தி, வாங்கக் கிளம்புகிறவர்களின் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரே கத்தியிடம் இரண்டு வேலை கேட்கிறோம். தேர்வு சிக்கலாவதும் அங்கேதான். "தைரியத்துக்கு" என்ற சொல் உள்ளே வந்ததும் கண் தானாகவே கறுப்புப் பூச்சு, நீண்ட முனை, சட்டென்று திறக்கும் பொறி என்று போய்விடும். அப்படி வாங்கிய கத்தி ஏத்தங்காய் (நேந்திரங்காய்) தொலி உரிக்கவும் சரிப்படாது, ஆபத்தில் காப்பாற்றவும் செய்யாது. அதனால் இந்தக் கட்டுரையில் இரண்டையும் பிரித்தே பார்க்கிறோம். முதலில் வேலைக்கான கத்தி. தற்காப்பு பின்னால் தனியாக வருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

வெட்டப்போகும் பொருள். ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். சாக்குத் தையல் நூல், வாழைக்கு ஊன்றுகால் கட்டும் கயிறு, கூரியர் டேப், மாங்காய், நைலான் நூல், சிமென்ட் மூட்டை வாய். இவை எல்லாவற்றுக்கும் 6 முதல் 8 செ.மீ. அலகு தாராளம். கருக்கு (இளநீர்) வெட்டவும் சக்கை (பலா) பிளக்கவும் வீட்டில் வெட்டுக்கத்தி இருக்கிறது. அந்த வேலையை மடக்குக்கத்தியிடம் கொடுத்தால் முதலில் அச்சாணி ஆடத் தொடங்கும், பிறகு அலகு பக்கவாட்டில் சாயும்.

உப்பும் ஈரமும். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை கடலோரத்தில் இருப்பவர்களுக்கு முதல் அளவுகோலே இதுதான். வடக்கே குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் உப்பு இல்லை. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. வறண்ட ஊர்க்காரர் எழுதிய கத்தி விமர்சனத்தை நம்பி இங்கே வாங்கினால் இரண்டாவது மழைக்குள் துரு எட்டிப் பார்க்கும்.

எங்கே வைப்பீர்கள். பெரும்பாலான விமர்சனங்கள் ஜீன்ஸ் பாக்கெட்டை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. சாரமோ (லுங்கி) வேட்டியோ கட்டுகிறவருக்கு இருப்பது சட்டைப்பை ஒன்றுதான். 100 கிராம் கத்தி அந்தப் பையைத் தொங்க வைக்கும், குனிந்ததும் கீழே விழும். சுடிதாருக்குப் பெரும்பாலும் பையே கிடையாது, சாவிக்கொத்தோ கைப்பையோதான் இடம். பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பின் தரத்தைவிடக் கயிறு கோக்க ஓட்டை இருக்கிறதா என்பது நமக்கு முக்கியம்.

பூட்டு. அலகு தானாக மடங்காமல் பிடிக்கும் அமைப்பு. அறுக்கும் வேலைக்கு இது அவ்வளவு தேவையில்லை. துளைக்கும் வேலைக்கு இல்லாமல் முடியாது.

சாணை. ஊரில் கிடைக்கும் கல்லில் நீங்களே தீட்ட முடியுமா?

பார்க்கிறவர் கண். சோதனையில் பையைத் திறக்கும் காவலருக்கு அது கருவியாகத் தெரியுமா, ஆயுதமாகத் தெரியுமா? வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. கேரள எல்லையில், களியக்காவிளையில் வண்டியை ஓரம்கட்டச் சொல்லும்போதுதான் நினைவு வரும்.

## ஒரு பார்வையில்

| வகை | எடை (கிராம்) | உப்பு, ஈரம் தாங்குமா | தீட்டுவது | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| பூட்டில்லாத பேனாக்கத்தி | 20–100 கி. | நன்றாகத் தாங்கும் | எளிது | போலிகள் | கடை, அலுவலகம், பெரும்பாலானோர் |
| மரப்பிடி, வளையப் பூட்டு | சுமார் 50 கி. | அலகு தாங்கினாலும் பிடி தாங்காது | மிக எளிது | மழைக்காலத்தில் இறுகுதல் | சமையல், பழம், உள்நாட்டுத் தோட்டம் |
| லைனர், ஃப்ரேம், பேக் லாக் | 80–180 கி. | எஃகைப் பொறுத்தது | எஃகைப் பொறுத்தது | மலிவுப் பூட்டு, தோற்றம் | கடின வேலை, கையுறை போடுபவர் |
| மல்ட்டி டூல் | 150–250 கி. | நடுத்தரம் | எளிது | எடை, சுத்தம் செய்யும் நேரம் | மெக்கானிக், எலக்ட்ரீசியன், போட் என்ஜின் |
| பட்டறைப் பிச்சாத்தி, உறையோடு | கொல்லரைப் பொறுத்தது | தாங்காது | எளிது | தினமும் துடைத்து எண்ணெய் | தோட்டம், வீட்டுவளவு |
| ஒடிக்கும் கட்டர் | 30–100 கி. | அலகை மாற்றினால் போதும் | தேவையில்லை | ஒடித்த துண்டுகள் | பார்சல், அட்டை, பூக்கடை |

## எஃகைப் பற்றிக் கொஞ்சம்

வகைகளுக்குள் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். அலகில் பொறித்திருக்கும் எழுத்துகளை வைத்துத்தான் பாதி விலை ஏறுகிறது.

கார்பன் எஃகு சீக்கிரம் கூர் பிடிக்கும், தீட்டவும் சுகம். ஆனால் வாழைக்கறை, பாக்கு, மாங்காய் எது பட்டாலும் கறுத்துவிடும். கறையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறுப்பு அது. அழகைக் கெடுக்குமே தவிர கெடுதல் செய்யாது. சிவப்புத் துருதான் அலகைத் தின்னும்.

D2 என்ற எஃகு இப்போது நடுத்தர விலைக் கத்திகளில் நிறைய வருகிறது. சுமார் 12 சதவீதம் குரோமியம் இருப்பதால் துருப்பிடிக்காது என்று கடையில் சொல்வார்கள். அதில் கார்பனும் 1.5 சதவீதம் இருக்கிறது. குரோமியத்தில் பெரும்பங்கு அந்தக் கார்பனோடு கட்டுண்டு போய்விடுவதால் துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். கூர் நெடுநாள் நிற்கும், உண்மை. குளச்சலிலோ முட்டத்திலோ வியர்வைச் சட்டைப்பையில் கிடந்தால் சில நாளில் புள்ளி புள்ளியாகத் துரு தெரியும், அதுவும் உண்மை. தீட்டுவதற்கும் சாதாரணக் கல் போதாது, வைரத்தூள் பதித்த தகடு வேண்டும்.

8Cr13MoV, 440A போன்ற சாதாரண ஸ்டெயின்லெஸ் வகைகள் கூரை அவ்வளவு நாள் தாங்காது. ஆனால் எந்தக் கல்லிலும் பத்து நிமிடத்தில் திரும்பக் கூர் வரும். 12C27, 14C28N இரண்டும் இந்த மாவட்டத்துக்கு நல்ல நடுவழி. கடலில் இறங்குகிறவருக்கென்றே நைட்ரஜன் சேர்த்த H1, LC200N எஃகுகள் உண்டு, உப்புத்தண்ணீரை அலட்சியமாகத் தாங்கும். விலையும் அதற்கேற்றபடி ஏறும்.

எங்கள் கருத்து: கடலோரத்தில் வாரம் ஒருமுறை தீட்டச் சோம்பாதவர் மலிவான ஸ்டெயின்லெஸ்ஸை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். D2 எஃகுக்காக அதிகம் கொடுக்கும் பணம் உள்நாட்டுக்காரருக்குத்தான் பலன் தரும்.

## பூட்டில்லாத பேனாக்கத்தி

அலகை ஒரு வில்தகடு அழுத்திப் பிடித்திருக்கும், பூட்டாது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் 1897-ல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியும் இந்த இனம்தான். மூடிய நிலையில் 58 மி.மீ. நீளத்தில் சாவிக்கொத்துக்கு ஒன்று, 91 மி.மீ. நீளத்தில் சட்டைப்பைக்கு ஒன்று என்று அளவு வாரியாகக் கிடைக்கும். 58 மி.மீ. கிளாசிக் 21 கிராம் சொச்சம், கைப்பையில் இருப்பதே தெரியாது. சின்னக் கத்தரியும் உண்டு. தோவாளையில் பூக்கட்டும் நூலுக்கு அலகைவிடக் கத்தரிதான் வசதி.

அலகு மென்மையான ஸ்டெயின்லெஸ். சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் கூரும் வரும். துரு எளிதில் அண்டாது.

கெடுவது எங்கே? துளைக்கும்போது. பிளாஸ்டிக் கேனில் ஓட்டை போடவோ பெல்ட்டில் புதுத் துளை இடவோ முனையைக் குத்தினால், முனை சிக்கிய நொடியில் அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கும். பூட்டில்லாத கத்தியால் வரும் காயம் அனேகமாக இப்படித்தான் வருகிறது. 91 மி.மீ. மாடல்களில் பின்பக்கம் ஒரு துளையூசி இருக்கும். துளைக்கும் வேலையை அதற்கே விடுங்கள், அதையும் சுழற்றிச் சுழற்றி இறக்குங்கள்.

மறைந்திருக்கும் செலவு போலிகள். சிவப்புப் பிடியும் சிலுவைச் சின்னமும் யாரும் போட்டுவிடலாம். பெரிய அலகின் அடியில் நிறுவனத்தின் பெயர் பொறித்திருக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்ற திட்டமான ஒலி வர வேண்டும். தகடுகளுக்கிடையே வெளிச்சம் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

## மரப்பிடியும் வளையப் பூட்டும்

பிரான்சின் ஒப்பினல் இதற்கு நல்ல உதாரணம். 1890 முதல் வருகிறது. பிடியின் வாயில் உள்ள வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டும் அமைப்பு 1955-ல் சேர்ந்தது. 8-ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ. வாய் (வெட்டும் விளிம்பு) மெல்லியது, மட்டிப்பழத்தையும் மாங்காயையும் இதைப்போல் வழுக்கிக்கொண்டு வெட்டும் மடக்குக்கத்தி குறைவு. பார்ப்பவருக்கும் சமையலறைச் சாமானாகத்தான் தெரியும்.

சிக்கல் பிடியில். பீச் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஆனி, ஆடி மழையில் அலகு பிடிக்குள் இறுகி நகத்தால் திறக்க வராது. பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே வரும், அதைப் பிடித்து இழுக்கலாம். நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டுமானால் நல்ல வெயில் நாளாகப் பார்த்து அச்சாணிப் பக்கத்துப் பிளவை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று தடவை ஊற விடுங்கள். மீன் வேலைக்கு இது வேண்டவே வேண்டாம். அழுக்குத் தண்ணீர் பிளவுக்குள் போனால் நாற்றம் லேசில் போகாது.

வாங்கும்போது கார்பன், ஸ்டெயின்லெஸ் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இராது. இங்கே ஸ்டெயின்லெஸ்.

## லைனர், ஃப்ரேம், பேக் லாக்

மூன்றும் அலகை உறுதியாகப் பூட்டும், பூட்டும் முறைதான் வேறு.

லைனர் லாக்கில் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று வளைந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். ஃப்ரேம் லாக்கில் பிடியின் ஒரு பக்கமே அந்தத் தகடு, அதனால் உறுதி அதிகம். பேக் லாக்கில் முதுகில் ஒரு நெம்புகோல், அலகில் ஒரு பள்ளம், ஒன்றில் மற்றொன்று விழும். மூடும்போது விரல் அலகின் வழியில் வராது என்பதால் மூன்றிலும் பேக் லாக் பாதுகாப்பானது. ஆனால் இரண்டு கை வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் இந்த மூன்றுக்கும் ஒரு பொது எதிரி பால். பூட்டுப் பள்ளத்தில் ஒரு சொட்டு விழுந்து உறைந்தால் போதும், தகடு முழுசாக வந்து உட்காராது. வெளியே பார்த்தால் பூட்டியதுபோலவே இருக்கும், அழுத்தினால் நழுவும். ஷீட் அடிக்கும் கொட்டகையில் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் தெறித்தால் எஃகு அரிக்கும். உடனே தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். உறைந்த பாலைச் சுரண்டாதீர்கள், விரலால் உருட்டி எடுத்தால் நூலாக வரும். சக்கைப் பசைக்குத் தேங்காயெண்ணெய்.

கடலில் இதே இடத்தில் மணல் உட்காரும். ஈரமான நைலான் கயிறு அறுக்கிறவர்கள் ரம்பவாய் உள்ள அலகு பார்க்கலாம், முனை மொட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. வள்ளம் ஆடும்போது கூர்முனை யாரையும் பதம் பார்க்கக்கூடும். ரம்பவாயைத் தீட்ட உருண்டைக் கல் தனியாக வேண்டும் என்பதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வகையின் மறைமுகச் செலவு தோற்றம். கறுப்பு அலகு, மண்டையோட்டுப் படம், கொக்கிபோல் வளைந்த முனை, விரலை நுழைக்க வளையம், இவை எதுவும் வெட்டும் திறனைக் கூட்டுவதில்லை. நீதிமன்ற மேசையில் மட்டும் நன்றாகப் பேசும்.

'பட்டன் லாக்', 'பட்டன் கத்தி' இரண்டும் வேறு. பட்டன் லாக்கில் பொத்தானை அழுத்தினால் பூட்டு விடுபடும், அலகைத் திறப்பது உங்கள் கை. பட்டன் கத்தியில் பொத்தானை அழுத்தினால் வில் அலகை வெளியே உதைத்துத் தள்ளும். பின்னதை வாங்காதீர்கள். உள்ளே வில் தளர்ந்தால் பையிலேயே திறந்துகொள்ளும். இதற்கென்று ஒரு கெட்ட பெயரும் ஊர் முழுக்க உண்டு. விளக்கம் கேட்டு வித்தியாசம் புரிந்துகொள்ளும் பொறுமை சோதனை இடத்தில் இருக்காது என்பதால், பட்டன் லாக்கையும் நாங்கள் இரண்டாம்பட்சமாகவே சொல்வோம்.

## மல்ட்டி டூல்

குறடு நடுவில், கத்தி ஓரத்தில். வாரத்தில் நான்கு முறையாவது குறடு தேவைப்படாவிட்டால் வாங்காதீர்கள். லெதர்மேன் வேவ் போன்ற முழு அளவுக் கருவி 240 கிராம் வரும். சட்டைப்பை தாங்காது, இடுப்பு பெல்ட்டில் உறைதான். தேவைப்படுகிறவருக்கு, உதாரணமாகப் படகு என்ஜினில் ஃபியூயல் லைன் கிளிப்பைக் கழற்றுகிறவருக்கு, இதற்கு மாற்றே கிடையாது. உப்புத்தண்ணீர் பட்டால் ஒவ்வொரு மூட்டையும் திறந்து நல்ல தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடம்தான் இதன் உண்மையான விலை.

## பட்டறைப் பிச்சாத்தி

ஊர்க் கொல்லரிடம் லாரி லீஃப் ஸ்பிரிங் துண்டில் அடித்து வாங்கும் சிறு கத்தி. மடங்காது, அதனால் மடங்கி விரலில் விழும் பயமும் இல்லை. சில நூறு ரூபாயில் முடியும். தோட்டத்துக்குள்ளேயே வேலை என்றால் எந்த மடக்குக்கத்தியையும்விட இது மேல், சந்தேகமே வேண்டாம். பஸ் ஏறி நாகர்கோவில் போகிறவருக்குத்தான் இது சரிவராது.

இரண்டு எச்சரிக்கை. தோலுறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து அலகில் துரு ஏற்றும். சாணைச் சக்கரக்காரரிடம் கொடுத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். வாயில் நீல நிறம் ஓடிவிட்டால் அந்த இடம் 300 டிகிரிக்குப் பக்கம் சூடாகிப் பதம் போய்விட்டது. பிறகு எத்தனை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள்.

## ஒடிக்கும் கட்டர்

நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம் என்பதால் யாரும் மதிப்பதில்லை. 9 மி.மீ. அகலம் டேப்புக்கும் தாளுக்கும், 18 மி.மீ. கெட்டி அட்டைக்கும் கயிறுக்கும். மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்தால் புது வாய். நாள் முழுக்கப் பார்சல் பிரிக்கும் கடைக்கு இதைவிட்டு ஆயிரக்கணக்கில் மடக்குக்கத்தி வாங்குவது வீண் செலவு. ஒடித்த துண்டுகளை ஒரு பழைய மருந்து டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். குப்பைக்கூடையில் போட்டால் அள்ள வருகிறவர் கையில் ஏறும்.

## இனி, தற்காப்பு

கத்தி தற்காப்புக்கு ஏன் உதவாது என்பதை நல்லபிள்ளைத்தனமாக அல்ல, வேலை செய்யும் விதத்தை வைத்தே பார்க்கலாம்.

கைப்பையிலோ சட்டைப்பையிலோ கிடக்கும் மடக்குக்கத்தியைத் தேடி, எடுத்து, திறந்து, பூட்டியதை உறுதி செய்ய வேண்டும். அமைதியாக இருக்கும்போதே சில நொடி ஆகிற காரியம். பதற்றத்தில் விரல் நடுங்கும், பாதி திறந்த அலகு சொந்தக் கையையே கிழிக்கும். மடக்குக்கத்திக்குக் கைக்காப்பு கிடையாது, வியர்வையில் பிடி வழுக்கினால் விரல் வாய்மேல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தி பயன்பட எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியதோ அவர் அந்தத் தூரத்துக்கு வராமல் இருப்பது. பறிபோனால் அதே கத்தி உங்கள் பக்கம் திரும்பும்.

சட்டமும் இங்கே துணைக்கு வராது. தற்காப்பு உரிமை உண்மையில் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைச் சொல்கின்றன. ஆனால் 37-ஆவது பிரிவின்படி, தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவைத் தாண்டிக் காயம் செய்தால் அந்த உரிமை பொருந்தாது. காவல்துறையை நாட நேரம் இருந்தபோதும் பொருந்தாது. வெட்டக்கூடிய, குத்தக்கூடிய கருவியால் காயம் செய்தால் 118-ஆவது பிரிவு. சாதாரணக் காயத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, கொடுங்காயத்துக்கு ஆயுள் வரை போகலாம். அளவைத் தாண்டவில்லை என்று விளக்க வேண்டிய நிலைமை உங்களுக்குத்தான் வரும். "தற்காப்புக்குத்தான் வச்சிருந்தேன்" என்ற பதில் உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆயுதச் சட்டம் 1959, தாக்கவோ தற்காக்கவோ வடிவமைத்த பொருளைத்தான் ஆயுதம் என்கிறது. அந்தப் பதிலைச் சொன்ன நொடியில் பழம் வெட்டும் கத்தியை நீங்களே அந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள்.

அளவு பற்றிய குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஆயுத விதிகள் 2016 குறிப்பிடுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை. வீட்டு, விவசாய, தொழில் வேலைக்கென்று செய்தவை அதில் சேராது. வெட்டுக்கத்தி எந்த வீட்டிலும் உரிமம் இல்லாமல் இருப்பது அதனால்தான். இணையத்தில் அடிபடும் 3 அங்குலக் கணக்கு, அதாவது 7.62 செ.மீ., டெல்லிக்கென்று 1980-ல் வந்த அறிவிக்கை. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது, டெல்லிக்குப் போகிறவர் நினைவில் வைத்தால் போதும். அளவு சரியாக இருந்தாலும் திருவிழா, தேர்தல் சமயத்தில் தடையுத்தரவு இருந்தால் கூர்க்கருவியை வெளியே கொண்டுபோகாதீர்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் சாவிக்கொத்துக் கத்தியை முந்தின நாளே கழற்றி, ஏற்றி அனுப்பும் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் இருந்தால் பறிமுதல்தான்.

அப்படியானால் ராத்திரிக்கு என்ன வைத்துக்கொள்வது? எதைக் கண்டு பயம் என்பதைப் பொறுத்தது.

தெருநாய். விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கும் சைக்கிளில் பால் ஊற்றுகிறவருக்கும் நிஜமான தொல்லை இதுதான். கத்தி எடுத்தால் நாயின் வாய்க்குப் பக்கத்தில் கையை நீட்டுகிறீர்கள். நீண்ட குடையோ ஒரு கம்போ நாய்க்கும் உங்களுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி வைக்கும். ஓடாமல் நின்று, பக்கவாட்டில் மெதுவாக விலகுங்கள். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும், அன்றைக்கே ஊசி.

பின்தொடரும் ஆள், வழிப்பறி. பெப்பர் ஸ்ப்ரே இரண்டு மூன்று மீட்டர் தூரத்திலேயே வேலை செய்யும். கண்ணை மூட வைத்து நீங்கள் ஓட நேரம் வாங்கித் தரும். எரிச்சல் பிறகு ஆறிவிடும். பலவீனம் காற்று. காற்றாலைகள் சுழலும் முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் கடற்கரைச் சாலையிலும் எதிர்க்காற்றில் அடித்தால் உங்கள் முகத்துக்கே திரும்பும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் மூடுபனிபோல் பரவும் வகையை விட்டுவிட்டு, நேர்க்கோடாகப் பீய்ச்சும் வகையை வாங்குங்கள். டப்பாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள், உள்ளழுத்தம் போனால் காரம் இருந்தும் பயனில்லை. பைக் பெட்டியில் வெயிலில் விடக்கூடாது, வெடிக்கும். தவறி உங்கள் கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள்.

இருட்டும் தனிமையும். ஒரு நல்ல டார்ச், பின்னை இழுத்தால் அலறும் சின்ன அலாரம். இரண்டும் யாரையும் காயப்படுத்தாது, எந்தச் சோதனையிலும் பதில் சொல்ல வைக்காது. டார்ச் தினமும் வேறு வேலைக்கும் ஆகும் என்பதால் சார்ஜும் தீராமல் இருக்கும். போனில் 112-ஐ எளிதாக அழைக்கும்படி வையுங்கள். பெண்களுக்கு 181 தனியாக உண்டு.

## யாருக்கு எது

கடலோரம், வலை, படகு: ஸ்டெயின்லெஸ் பேக் லாக், மொட்டை முனை, கழுத்திலோ இடுப்பிலோ கயிறு.

ரப்பர், வாழைத் தோட்டம்: வளவுக்குள் பட்டறைப் பிச்சாத்தி. ஊருக்குள் போய்வர 91 மி.மீ. பேனாக்கத்தி.

கடை: 18 மி.மீ. கட்டர். வேறு எதுவும் வேண்டாம்.

கல்லூரி, அலுவலகம், கைப்பை: 58 மி.மீ. சாவிக்கொத்துக் கத்தி, கூடவே அலாரம். கத்தி ஆப்பிளுக்கு, அலாரம் ராத்திரிக்கு.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 91 மி.மீ. பேனாக்கத்தி. மிச்சப் பணத்துக்கு டார்ச்.

## எண்ணெயும் கல்லும்

உப்புத்தண்ணீர் பட்டால் அன்றே நல்ல தண்ணீரில் அலசி, திறந்தபடி நிழலில் காய வையுங்கள். அச்சாணிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. நல்லெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகி அலகு நகராது. தேங்காயெண்ணெய் அலகின் மேல் பூச நல்லது, பழம் வெட்டினாலும் பாதகமில்லை. மூட்டுக்குள் விட்டால் மட்டும் தூசியும் நூலும் சேரும்.

தீட்ட 400 (சொரசொரப்பு), 1000 (நயம்) என்று இரண்டு பக்கம் உள்ள கல் ஒன்று போதும். அலகைக் கல்லின்மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதைப் பாதி சாயுங்கள், மறுபடியும் பாதி சாயுங்கள். 22 டிகிரி வந்துவிட்டது. இன்னும் ஒரு மயிரிழை சாய்த்தால் வேண்டிய 20. கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பு இல்லாத வளையம் இருக்குமே, அதில் ஏழெட்டு இழுப்பு.

## கடையில் நின்று பார்க்க வேண்டியவை

அலகைத் திறந்து, முனையைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் திருகை முறுக்கச் சொல்லுங்கள், அப்படியும் போகாவிட்டால் வேண்டாம். பூட்டு உள்ள கத்தியென்றால், விரல்களை மடங்கும் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு அலகின் முதுகை மேசை விளிம்பில் அழுத்துங்கள், தட்ட வேண்டாம். நழுவினால் அது பூட்டே இல்லை. லைனர் தகடு அலகின் அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் நம்பாதீர்கள். மூடிய நிலையில் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து உதறுங்கள், அலகு எட்டிப் பார்க்கக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே மூடிப் பிடித்தால் அலகு இரண்டு தகடுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

கடைசியாக, மூடிய கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக் குனிந்து செருப்பு வாரைத் தொடுங்கள். விழுந்தால் கயிறு கோக்க ஓட்டை இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.